உறை போடாத குக்ரிகள்

பெங்களூர் அடுகோடியில் ஒரு லேத்துப் பட்டறைக்கு மேலே இருக்கிறது குணசேகரின் அறை. படி செங்குத்து. ஏறி வருகிறவர்கள் முதலில் மூச்சு வாங்குவார்கள், அப்புறம்தான் கஷ்டத்தைச் சொல்வார்கள். அன்று காலை வந்த பெரியவர் மூச்சு வாங்குவதைக்கூட வெளியே காட்டிக்கொள்ளாமல் நின்றார். மடித்த பழைய வேட்டி ஒன்றை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். உட்காரச் சொன்னதும் அதை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

குணசேகர் முன்பு ஒரு ஃபேக்டரியின் காவல் பிரிவில் இருந்தவர். கேட்டில் நின்று நின்று ஆட்களைப் பார்த்துப் பழகிய கண். ஃபேக்டரியை மூடியபின் இந்த வேலைக்கு வந்தார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற வேலை. அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேச ஜூடித் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். ஸ்கூட்டர் அவளுடையது, போன் அவளுடையது, அவசரமும் அவளுடையது.

வந்தவர் பெயர் சீனிவாசராகவன். மல்லேஸ்வரம். தாத்தா காலத்திலேயே மைசூர் சர்க்கார் வேலைக்கு வந்துவிட்ட குடும்பம். இவரும் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் அச்யுத் டொரன்டோவில். மனைவி ருக்மிணி இறந்து இரண்டு ஆயுத பூஜை கழிந்துவிட்டது. இவ்வளவையும் அவர் ஒரு படிவத்தை நிரப்புவது மாதிரி சொன்னார். பிறகு வேட்டியைப் பிரித்தார்.

உள்ளே ஒரு கத்தி. முழங்கை நீளம். நடுவில் முன்பக்கமாக வளைந்து, வளைவுக்கு அப்பால் வயிறு பெருத்து, நுனியில் கூர்ந்தது. நேபாளத்துக் குக்ரி. ஜூடித் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"இதை எப்படி சார் கொண்டாந்தீங்க? மெட்ரோவுல மிஷின் கத்துமே."

"ஆட்டோல வந்தேன்மா. மடியில என்னன்னு டிரைவர் கேட்டான். பலாப்பழம் அரியறதுன்னு சொன்னேன்."

அவர் குக்ரிகளைச் சேர்க்கிறவர். மாம்சம் தொடாத வீட்டில் இது ஏன் என்று சொந்தக்காரர்கள் சிரித்திருக்கிறார்கள். வெட்டுவதற்காக அவர் வாங்கவில்லை. ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காக வாங்கினார். சண்டே பஜாரில் ஒரு நாள் இரண்டு நேபாளிகள், அண்ணன் தம்பி, வாட்ச்மேன் வேலையை விட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள், ஆளுக்கு ஒரு குக்ரியை விற்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கொல்லன் ஒரே உலையில் அடித்த ஜோடி. ஒன்றை இவர் எடுத்தார். இன்னொன்றை எடுத்தவர் ஆம்ப்ரோஸ். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆம்ப்ரோஸ் மல்லேஸ்வரத்துக்கு வருவார். கத்திகளை வெளியே எடுத்து வைத்துப் பேசுவார்கள். வேறு சிநேகிதம் என்று இருவருக்கும் கிடையாது.

"இது என்னோடது இல்லை," என்றார் சீனிவாசராகவன். "மாத்தி வச்சிருக்கு. இதே மாதிரி இன்னொண்ணு இருக்கறது அவர்கிட்ட மட்டும்தான்."

உங்களுடையது இல்லை என்று எப்படித் தெரியும் என்று குணசேகர் கேட்டார். பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே லேத்து ஓடுகிற சத்தம் அறை முழுக்க நிரம்பியிருந்தது.

"தெரியும். அதுக்கு மேல கேக்காதீங்கோ."

குணசேகர் கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அலகு பளபளவென்று எண்ணெய் மின்னியது. பிடியை ஒட்டி மட்டும் விரல்கடை அகலத்துக்கு ஒரு மங்கல். அந்த மங்கலின் நடுவில், அலகின் அடியில், ஒரு சின்ன வெட்டு. எல்லாக் குக்ரியிலும் இருப்பதுதான் அது, கௌடி என்பார்கள் என்று பெரியவர் சொன்னார். வெட்டு சுத்தமாக இருந்தது.

போலீசுக்குப் போகலாமே என்றாள் ஜூடித். வேண்டாம் என்று பெரியவர் தலையை ஆட்டினார்.

"ஆம்ப்ரோஸ் எடுத்தாரா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும். இந்த ஊர்ல நான் வாயைத் தொறந்து பேசறது அவர் ஒருத்தர்கிட்டதான். அவர் திருடன்னா அதுவும் இல்லை. அதைத் தெரிஞ்சுண்டுட்டு உக்காரணும்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் ஏற்கெனவே அப்படி உட்கார்ந்து விட்டவர் மாதிரி இருந்தார்.

மறுநாள் காலை மல்லேஸ்வரத்துக்குப் போனார்கள். பழைய வீடு. அறைகளுக்கெல்லாம் வெளியே தாழ் போட்டிருந்தது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாற்காலிகள் இருந்தன, ஒன்றில் மட்டும்தான் ஆள் உட்காரலாம். மற்றதில் எல்லாம் பழைய பேப்பர்.

கூடத்தில் கண்ணாடி போட்ட அலமாரி. வெள்ளைத் துணி விரித்து குக்ரிகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார். உறை எதற்கும் இல்லை. அதைத் திறந்ததும் பெரியவருக்குக் குரல் வந்தது. இது போஜ்புரே, வயிறு பருத்தது, காட்டு வேலைக்கு. இது சிருபாதே, புல் இதழ் மாதிரி ஒல்லி. இது பட்டாளத்துக்குப் போய் வந்தது, முதுகில் முத்திரையைப் பாருங்கள். ஒன்றை விரலின் மேல் குறுக்கே வைத்து எங்கே சமநிலை நிற்கிறது என்று காட்டினார். நகத்தால் சுண்டிக் காதில் வைக்கச் சொன்னார். இரண்டு கத்தியைப் பக்கத்தில் வைத்தால்தான் ஒவ்வொன்றும் என்ன என்று தெரியும், தனியாக இருக்கிற கத்தியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை என்றார்.

ஜூடித் சிருபாதேயைக் கையில் எடுத்தாள். "சார், இந்த வெட்டுல துரு புடிச்சிருக்கு," என்று கட்டை விரலைக் கொண்டு போனாள்.

பெரியவர் அதைப் பிடுங்கினார். "தொடாதீங்கோ."

அது வேறு ஆளுடைய குரலாக இருந்தது. அப்புறம் தணிந்து, கூர் பட்டுவிடும் என்பதால் சொன்னேன் என்றார். ஜூடித்தின் விரல் கூர்ப்பக்கமே போகவில்லை என்பதைக் குணசேகர் பார்த்துக்கொண்டார். குனிந்து மற்றவற்றையும் பார்த்தார். எல்லாவற்றிலும் அந்தச் சின்ன வெட்டுக்குள் செம்பழுப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது. எண்ணெய்த் துணி அலகு முழுக்கப் போயிருந்தது, வெட்டுக்கு விரல்கடை முன்னால் நின்றிருந்தது. வெள்ளையடிக்கிறவன் சுவிட்சு போர்டைச் சுற்றி விட்டுவிட்டுப் போவான், அந்த மாதிரி ஒரு மங்கல் பட்டை ஒவ்வொரு கத்தியிலும்.

உறைகள் எங்கே என்று கேட்டார். டிரங்குப் பெட்டியில் என்று பதில் வந்தது. தோல் ஈரம் இழுக்கும், இரும்பு கெடும், சேகரிக்கிறவர்கள் யாரும் கத்தியை உறையில் வைக்க மாட்டார்கள். சரியான பதில்தான். பெட்டியைத் திறந்தபோது உறைகளின் மேல் தூசி ஒரு போர்வை மாதிரி படிந்திருந்தது. அந்த ஜோடிக் கத்தியின் உறையை மட்டும் குணசேகர் கேட்டு வாங்கி, கத்திப் பொதியோடு வைத்துக்கொண்டார்.

"போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

பெரியவர் டிரங்குப் பெட்டியை மூடித் தாழ் போட்டார்.

இதற்குள் ஜூடித் சமையல்கட்டில் வேலைக்கார அம்மா ஜகதாம்பாளோடு ஒரு டம்ளர் காபி முடித்திருந்தாள். ஸ்ரீராமபுரத்தில் இருந்து வருகிறவள். ஸ்கூட்டரை எடுக்கும்போது ஜூடித் கேட்டதையெல்லாம் கொட்டினாள். பெரியவர் சாயங்காலத்தில் யாருமில்லாத கூடத்தில் உட்கார்ந்திருப்பாராம், டிவிகூட கிடையாதாம். ஆம்ப்ரோஸ் வந்தால் மட்டும் வீட்டில் சத்தம் கேட்குமாம். போன மாதக் கடைசி ஞாயிறு அவர் வந்திருந்தபோது மகனிடமிருந்து போன் வந்து பெரியவர் உள்ளே போய்விட்டார். அப்போது ஆம்ப்ரோஸ் சமையல்கட்டு வாசலில் நின்று அரை எலுமிச்சம்பழம் கேட்டாராம். காபி குடித்துக்கொண்டிருக்கிறவருக்கு எலுமிச்சை எதற்கு என்று ஜகதாம்பாளுக்கு இன்னும் விளங்கவில்லை. வேறு என்ன சொன்னாள் என்று கேட்டார் குணசேகர்.

"வேற ஒண்ணும் இல்ல அண்ணே. செத்துப்போன அம்மாவைப் பத்திதான். ஆயுத பூஜைன்னா வூட்ல இரும்புன்னு ஒண்ணு விடாதாம். அருவாமணை, ஊக்கு டப்பா, கேஸ் சிலிண்டர், எல்லாத்துக்கும் பொட்டு. கடைக் குங்குமம் ஆகாதாம், வூட்லயே மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சு வெப்பாங்களாம். சார் நெத்தியிலயும் ஒண்ணு வெச்சு, நீங்களும் இரும்புதான்னு சொல்லுவாங்களாம்."

ஜூடித் சிரித்தாள். குணசேகர் சிரிக்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

வழியில் ஓரமாக நிறுத்தி, பழைய பொருள் வியாபாரி ரகுவுக்கு ஜூடித் போன் போட்டாள். போன மாதம் அவர் வந்து அந்தக் கத்தியை விலைக்குக் கேட்டதாகப் பெரியவர் சொல்லியிருந்தார். ரகு கன்னடமும் தமிழுமாகப் பேசினார். ஆமாம், கேட்டேன், கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். படம் எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். கௌடியில் துரு இறங்கியிருந்தது, அப்படியே விட்டால் உள்ளே தின்றுவிடும் என்று ஆம்ப்ரோஸிடமும் சொன்னேன். பெரியவரிடம் சொல்ல அவருக்கும் எனக்கும் தைரியம் இல்லை.

படம் வந்தது. கத்தியின் முதுகில், வளைவுக்குச் சற்று மேலே, சம்மட்டி வழுக்கின மாதிரி ஒரு சாய்ந்த தழும்பு. கௌடிக்குள் செம்பழுப்பு.

"பாத்தியாண்ணே," என்றாள் ஜூடித். "பெரியவரு கத்தியெல்லாம் துரு. இப்ப இருக்கறது சுத்தம். சுத்தமா வெச்சுக்கற வூட்டுல இருந்து வந்த கத்தி அது. ஆம்ப்ரோஸ் வூட்டுது."

"இருக்கலாம்," என்றார் குணசேகர்.

மர்பி டவுனில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை வீடு. ஆம்ப்ரோஸ் கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் இருந்தவர். இவர் பெங்களூருக்கு வந்து கடைசி வரை லேத்தில் நின்றவர். மனைவி போய் வெகு காலம், பிள்ளைகள் இல்லை. சுவரில் ஏசுநாதர் படமும் அதற்குக் கீழே கட்டிலும். கட்டிலடியில் குக்ரிகள். வந்திருப்பது யார் என்று கேட்கும் முன்பே அவர் கண் ஜூடித் கையிலிருந்த வேட்டிப் பொதியின் மேல் விழுந்தது. அவளே பிரித்துக் காட்டினாள்.

"சார் கத்தி ஆச்சே. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்றார். அடுத்ததாக, "சார் நல்லா இருக்காரா? தலைவலின்னாரு. வர வேணாம்னு போன் பண்ணாரு. ரெண்டு ஞாயிறா சும்மா கெடக்கறேன்," என்றார்.

பெரியவர் சுகமாக இருக்கிறார், ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்ளச் சொன்னார் என்றார் குணசேகர். பொய் இல்லை. ஆம்ப்ரோஸ் தன் ஜோடிக் கத்தியை எடுத்துக் காட்டினார். அது நுனியிலிருந்து பிடியின் உலோக வளையம் வரைக்கும் ஒரே சீராக மின்னியது. மங்கல் எங்கும் இல்லை. வெட்டின் உள்மூலை வரை துடைத்திருந்தார். அங்கேதான் தண்ணீர் தங்கும், அங்கேதான் இரும்புக்கு நோய் ஆரம்பிக்கும் என்றார். துடைக்கிற சாமான்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. எண்ணெய்ப் புட்டி, துணி, நுனியில் பஞ்சு சுற்றிய தீக்குச்சிகள். பழைய குச்சிகளையும் எறியாமல் வைத்திருந்தார். பஞ்சுகள் பழுப்பாகவும் கறுப்பாகவும் இருந்தன. ஒன்று மட்டும் மஞ்சள்.

குணசேகர் அந்தக் கத்தியின் உறையையும் கேட்டு வாங்கி, தான் கொண்டுவந்த உறைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். பெரியவர் கொடுத்த கத்தியை ஆம்ப்ரோஸின் உறையில் இறக்கிப் பார்த்தார். முக்கால்வாசி போய் இறுகி நின்றது. பெரியவருடைய உறையில் இறக்கினார். வழுக்கிக்கொண்டு போய் டக்கென்று உட்கார்ந்தது. ஆம்ப்ரோஸின் கத்தி பெரியவர் உறையில் பாதியிலேயே முட்டியது.

"உறைக்குள்ள கட்டையை அந்தந்தக் கத்திக்குத்தாங்க குடைவான்," என்றார் ஆம்ப்ரோஸ். "அண்ணன் தம்பிக்குச் செருப்பு மாத்திப் போட்டா கடிக்கும்ல, அப்படி. வருஷத்துக்கு ஒரு தடவையாவது போட்டுப் பாக்கணும். சார்தான் அம்மா போனதுல இருந்து போட வுடல."

ஜூடித் முகம் தொங்கிப் போனது. குணசேகர் கத்தியைத் திரும்ப உருவி, முதுகைத் தடவினார். சாய்ந்த தழும்பு விரலில் பட்டது. பிறகு, கேட்க இஷ்டமில்லாதவர் மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"போன மாசம் சார் வீட்டுல எலுமிச்சம்பழம் எதுக்குக் கேட்டீங்க?"

ஆம்ப்ரோஸ் தரையைப் பார்த்தார். காது ஓரம் சிவந்தது.

"அதைச் சாருகிட்ட சொல்லிடாதீங்க," என்றார்.

சந்துக்கு வெளியே வந்ததும் ஜூடித் பிடித்துக்கொண்டாள். கத்தி மாறவில்லை என்றால் பெரியவர் பொய் சொல்கிறாரா, திருடவில்லை என்றால் இந்த ஆள் ஏன் சொல்லாதே என்கிறார். "ரெண்டு பேர்ல யாரு கள்ளன்னு சொல்லிடு அண்ணே, எனக்குத் தலை வெடிக்குது."

"யாரும் இல்ல. ஆனா ஒண்ணு போயிருக்கு," என்றார் குணசேகர். அல்சூர் ஏரிக்கரையில் நிறுத்தச் சொல்லி, டீ வாங்கி, ஆறும் வரை கையில் வைத்துக்கொண்டிருந்தார். இதைப் போய்ச் சொல்லாமல் இருக்க முடியுமா என்று யோசிப்பதாக ஜூடித்துக்குப் பட்டது.

அடுத்த நாள் நால்வரும் மல்லேஸ்வரம் கூடத்தில் இருந்தார்கள். ஆம்ப்ரோஸை வரச் சொன்னது குணசேகர். அவர் துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார். பெரியவர் அவரைப் பார்க்கவும் இல்லை, வாருங்கள் என்று சொல்லவும் இல்லை. ஆம்ப்ரோஸ் வாசல் நிலையை ஒட்டி நின்றார். ஜகதாம்பாள் சமையல்கட்டு வாசலில்.

குணசேகர் முதலில் பெரியவரைத் தனியாகத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் போய் ஒன்று கேட்டார். கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஆம்ப்ரோஸும் கேட்க வேண்டியிருக்கிறது, நீங்கள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்று வெளியே வரும், சம்மதமா. பெரியவர் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

கூடத்தில் குணசேகர் கத்தியை மேஜையில் வைத்தார்.

"இது உங்க கத்திதான் சார். உறை சொல்லுது. ரகு எடுத்த படத்துல முதுகுத் தழும்பு இருக்கு, இதுலயும் அதே இடத்துல இருக்கு. இதெல்லாத்துக்கும் முன்னாடி, இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பிடிகிட்ட இந்த மங்கலைப் பாருங்க. உங்க எண்ணெய்த் துணி எல்லாக் கத்தியிலயும் இந்த இடத்துக்கு முன்னாடி நின்னுடுது. ஆம்ப்ரோஸ் துணி எங்கயும் நிக்காது. இந்த மங்கல் உங்க கை."

பெரியவர் மங்கலைப் பார்க்கவில்லை.

"உங்களுக்கும் இது தெரியும் சார். இவ்வளவு நாள் கத்தி பாக்கறவருக்கு முதுகுத் தழும்பு தெரியாதா. உறையில போட்டுப் பாத்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். போடலை. ஏன்னு யோசிச்சேன். கத்தியை உறையில வெக்காம இருக்கறது சரிதான், ஆனா ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட போடாம இருக்கறதுக்கு வேற காரணம் இருக்கணும். உறை வாய் எங்க உரசும்? கௌடியில. அதுக்குள்ள இருக்கறது துரு இல்லை."

ஜூடித் கையிலிருந்த பையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"அது உங்க வீட்டம்மா வெச்ச பொட்டு. அவங்க கடைசியா செஞ்ச ஆயுத பூஜையில. முந்தியெல்லாம் மறுநாள் நீங்க துடைச்சிருப்பீங்க. அந்த வருஷம் துடைக்கலை. ஒரு விரல் அந்தச் சின்ன வெட்டுக்குள்ள போய் அழுத்திட்டு வந்த அடையாளம், காஞ்சு போய் செம்பழுப்பா நின்னுடுச்சு. பாக்கறவங்களுக்குத் துரு. ரகுவுக்குத் துரு. ஜூடித்துக்குத் துரு. இவருக்கும் துரு."

எல்லோரும் ஆம்ப்ரோஸைப் பார்த்தார்கள். அவர் இன்னும் விஷயம் முழுதாகப் புரியாதவர் போல ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் டப்பாவுல ஒரு பஞ்சு மஞ்சளா இருந்தது," என்றார் குணசேகர். "துரு துடைச்ச பஞ்சு பழுப்பா இருக்கும், மஞ்சளா ஆகாது. ஆரத்தித் தண்ணியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சா சிவப்பு போய் மஞ்சள் ஆயிடும், எல்லா வீட்டுலயும் தெரியும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்ச பொட்டுல எலுமிச்சை பட்டிருக்கு. அன்னைக்கு அரைப் பழம் கேட்டது அதுக்குத்தான்."

ஆம்ப்ரோஸ் பேசினார். வார்த்தை வார்த்தையாக, பாரம் இறக்குகிறவர் மாதிரி. ரெண்டு வருஷமா அந்தத் துருவைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அம்மா போனதுல சாருக்குக் கத்தி மேல இருந்த கவனம் போயிடுச்சுன்னு நெனச்சேன். உங்க கத்தி கெட்டுப்போகுதுன்னு எப்படி வாய்விட்டுச் சொல்றது. அதான் சார் போன் பேசப் போனப்ப ஒண்ணைத் தொடைச்சு வெச்சேன். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொண்ணா, அவருக்குத் தெரியாம, எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடலாம்னு இருந்தேன்.

"ஒரு தொடைப்புல வந்துடுச்சு," என்றார். "துரு அப்படி வராதேன்னு அப்பவே தோணுச்சு. நல்லவேளைன்னு நெனச்சுக்கிட்டேன்."

வெளியே கீரைக்காரி கன்னடத்தில் கூவிக்கொண்டு போனாள்.

"சார்," என்றார் குணசேகர், பெரியவரிடம் மட்டும் பேசுகிற குரலில். "இவர் திருடியிருந்தா, உங்க கத்தி எங்கேயோ பத்திரமா இருக்கும். பொட்டும் அதுல இருக்கும். போய் வாங்கிக்கலாம். இவர் திருடலைன்னா அது போனது போனதுதான். அதனாலதான் இவர் திருடனா இருக்கணும்னு ஆசைப்பட்டீங்க. நீங்க என்கிட்ட கேட்ட கேள்விக்குப் பதில், இல்லை. இவர் எடுக்கலை."

சீனிவாசராகவன் எழுந்து மேஜைக்குப் போனார். கத்தியை எடுத்து, சுத்தமாக இருந்த அந்த வெட்டுக்குள் தன் சுண்டு விரல் நுனியை வைத்துப் பார்த்தார். விரல் முழுசாக உள்ளே போகவில்லை.

"அவளுக்குச் சின்ன விரல்," என்றார். வேறு யாரிடமோ சொல்வது மாதிரி.

ஆம்ப்ரோஸ் செருப்பைத் தேடினார். காலில் மாட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"என் வூட்டுக்காரி போனப்ப நான் எல்லாத்தையும் கழுவிட்டேன் சார். கட்டில்ல அவ சாஞ்சு சாஞ்சு செவுத்துல தலை எண்ணெய் ஒரு வட்டமா இருந்துச்சு. சுண்ணாம்பு அடிச்சு மூடிட்டேன். அழுக்குன்னுதான் நெனச்சேன். அப்படி வெச்சுக்கலாம்னு எனக்கு யாரும் சொல்லல."

ஜகதாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். குணசேகர் ஜூடித்தைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் அவள் பையை எடுத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். இருவரும் படி இறங்கத் திரும்பியபோது பெரியவரின் குரல் கேட்டது.

"ஆம்ப்ரோஸ். அவங்க பேர் என்ன?"

ஆம்ப்ரோஸ் செருப்பை விட்டுத் திரும்பினார். இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தக் கத்தி எந்த மலையிலிருந்து வந்தது என்பதெல்லாம் இருவருக்கும் தெரியும்.

"ஆரோக்கியமேரி சார்."

"ஆரோக்கியமேரி," என்று பெரியவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "எங்காத்துல ருக்மிணி."

"தெரியும் சார்."

"தெரியாது," என்றார் சீனிவாசராகவன். "உக்காருங்கோ, சொல்றேன்."